நீல மூடிப் போத்தல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்சவல்லியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் அவள் ஆயா, அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் ஆயா. தொழிற்சாலையில் மீசை முளைத்து நின்ற தடியன்களும் ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள். இத்தனைக்கும் நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த எண்பத்து மூன்றாம் ஆண்டில் அவளுக்கு வயது நாற்பத்திரண்டுதான்.

நான் அதே தோட்டத்தில் டிரஸ்ஸர், பெயர் மைக்கேல்ராஜ். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, கத்தி பட்ட காலுக்குக் கட்டுப் போடுவது, ஊசி குத்துவது, பிரசவத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் தோட்டத்து டிரஸ்ஸரின் வேலை. பெரிய டாக்டர் மாதத்தில் இரண்டு முறை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூதான் சர்க்கரை.

அம்சவல்லி பதினான்கு வயதில் கூடை தூக்கினாள், பத்தொன்பதில் கல்யாணம் செய்துகொண்டாள். அறுபத்தொன்பதுக்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த அவள் புருஷன் "ஊர்ல நெலத்தைப் பார்த்துட்டு வந்துடுறேன்" என்று கப்பல் ஏறினான். போனவன் போனவன்தான். அப்போது மகள் நீலாவதிக்கு நான்கு வயது. இரண்டு வருடம் கழித்து மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்து அம்சவல்லிக்கு இடுப்பு பிசகியது. நான்தான் தோட்ட மேலாளர் துரையிடம் சொல்லி அவளை ஆயாக்கொட்டகையில் போடவைத்தேன். தாய்மார்கள் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது.

தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் தொழிலாளர் வரிசையான லயத்தில் வீடு. வேலை போனால் முப்பது நாளில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். புருஷன் இல்லாத பெண்ணுக்கு இந்தச் சட்டம் சோற்றுக்கு முன்னால் ஞாபகம் வரும். அம்சவல்லி பத்து வருடத்தில் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

கொட்டகையில் அவள் வைத்ததுதான் சட்டம். ஒரு பிள்ளைக்குப் பிஸ்கட் என்றால் எல்லாப் பிள்ளைக்கும் பிஸ்கட். ஒன்றுதான் இருக்கிறதென்றால் யாருக்கும் கிடையாது. ஒரு கிறிஸ்துமஸுக்குத் துரையின் மனைவி துரைச்சாணி, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் குழந்தைக்கு மட்டும் ஒரு பொம்மை கொண்டுவந்தார். அம்சவல்லி சிரித்த முகத்தோடு வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். கிராணியின் மனைவி சண்டைக்கு வந்தாள். "முப்பது பிள்ளைங்க இருக்கு. இன்னும் இருபத்தொன்பது பொம்மை வரட்டும், அப்ப எடுத்துக் கொடுக்கிறேன்" என்றாள் இவள். அந்தப் பொம்மை அலமாரியிலேயே கிடந்து எலிக்கு இரையானது. எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. ஆனால் அந்தக் கொட்டகையில் பிள்ளைகள் பொறாமையில் அடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எண்பத்தொன்றில் கொட்டகையை மூடினார்கள். பக்கத்துப் பட்டணமான தானா ராத்தாவில் பாலர் பள்ளி வந்துவிட்டது, தோட்டத்தில் பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள். அம்சவல்லியை ஆபீசைக் கூட்டிப் பெருக்கப் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, காலியாகக் கிடந்த கொட்டகையைக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்தது. முயல் வளர்க்க.

முயல்கள் கறிக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு. அதை நடத்தியவர் டாக்டர் பார்பரா. ஈப்போவில் ரயில்வே கார்டாக இருந்தவரின் மகள், வயது முப்பத்தைந்து இருக்கும். ஆண்கள் போடும் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு புதன்கிழமையும் தாப்பா ரோட்டின் வளைவுகளில் தானே கார் ஓட்டி மேலே வருவார். கோலாலம்பூர் வெயிலில் முயல்கள் சுருண்டு விழுகின்றன, காயம் வேறு சீழ் பிடிக்கிறது, அதனால்தான் குளிரான இடம் தேடினாராம். கட்டடத்தோடு சேர்த்து ஆளும் வேண்டும் என்றபோது துரை அம்சவல்லியைக் கொடுத்தார். பிள்ளை பார்த்தவள் முயல் பார்க்கமாட்டாளா என்று கணக்கு.

டாக்டர் முதல் நாளே எங்கள் இருவரையும் உட்காரவைத்து விவரம் சொன்னார்.

"புரதம்னு கேள்விப்பட்டிருக்கீங்கல்ல. அது நீளமான சங்கிலி மாதிரி. அதுல நாலஞ்சு கண்ணிய மட்டும் தனியா செஞ்சு எடுத்தா அதுக்குப் பேரு பெப்டைடு. நாங்க லேப்ல ஒண்ணு செஞ்சிருக்கோம். காயம் பட்ட எடத்துல அது போய், இங்க வேலை இருக்கு வாங்கன்னு சுத்தியிருக்கிற செல்லையெல்லாம் கூப்பிடுதுன்னு நினைக்கிறோம்."

"கங்காணி மாதிரியா டாக்டரம்மா?" என்று கேட்டாள் அம்சவல்லி.

டாக்டர் சிரித்துவிட்டார். "கங்காணி மாதிரிதான். ஆனா அந்தக் கங்காணி நெஜமாவே ஆள் கூப்பிடுறாரா, சும்மா நிக்கிறாரான்னு தெரியணும். அதுக்குத்தான் முயல்."

"மனுசனுக்குப் போடலாமா?"

"கூடாது. இன்னும் எத்தனையோ வருசம் பார்க்கணும். இது லேபுக்கு மட்டும்தான்."

இருபத்து நான்கு வெள்ளை முயல்கள் வந்தன. டாக்டர் ஒவ்வொன்றையும் ஊசி போட்டு மயங்கவைத்து, முதுகில் முடியைச் சிரைத்து, ஐந்து காசு அளவுக்கு இரண்டு இடத்தில் தோலை எடுத்தார். பன்னிரண்டு முயலுக்குக் காதில் சிவப்பு அட்டை, பன்னிரண்டுக்கு நீல அட்டை. கறுத்த போத்தல்கள் இரண்டு, ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதுக்கு நீல மூடி. சிவப்பு அட்டைக்குச் சிவப்புப் போத்தல், நீல அட்டைக்கு நீலப் போத்தல், காலையும் மாலையும் காயத்துக்கு மூன்று சொட்டு. சொட்டு விடுவது அம்சவல்லி. மூன்று நாளுக்கு ஒரு முறை கண்ணாடித்தாளைக் காயத்தின் மேல் வைத்துப் பேனாவால் வரைந்து அளவு எடுப்பது நான்.

போத்தல்களை நிரப்புவதும் நான்தான், ஏனென்றால் ஐஸ்பெட்டி இருந்தது என் டிஸ்பென்சரியில். டாக்டர் கொண்டுவரும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடி இருக்கும். அதை உப்புத் தண்ணீரில் கரைத்துச் சிவப்புப் போத்தலில் ஊற்றவேண்டும். நீலத்துக்கு அதே உப்புத் தண்ணீர், பொடி இல்லாமல். "எது மருந்துன்னு ஆயாவுக்குத் தெரியக் கூடாது மிஸ்டர் மைக்கேல்ராஜ். தெரிஞ்சா கை தானா ஒரு பக்கம் சாயும். எல்லா மனுசனுக்கும் அப்படித்தான்" என்றார் டாக்டர். தலையை ஆட்டினேன். பத்தொன்பது வருடம் டிரஸ்ஸராக இருந்தவனுக்கு இது ஒரு விஷயமா என்று நினைத்துக்கொண்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது நான்காம் நாள். லயத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு, அதைப் பார்த்துவிட்டுப் போத்தல்களோடு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். அம்சவல்லி கொட்டகை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "சிவப்புக்கு மிச்சம் இருந்துச்சு, போட்டுட்டேன். நீலத்துக்கு ஒரு சொட்டு இல்ல. அதுங்க காயத்தோட காத்துக்கிட்டு கெடக்குதுங்க. உங்களுக்கு வாயில்லா சீவன்னா எளக்காரம்லா" என்று பிடிபிடியென்று பிடித்தாள். எனக்கும் எரிச்சல். "அட சும்மா இரு ஆயா, நீலம் வெறும் உப்புத் தண்ணி. ஒரு மணி நேரம் பிந்தினா ஒண்ணும் குடி முழுகிடாது" என்று சொல்லிவிட்டேன்.

போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று திருப்தியாகத்தான் வீடு திரும்பினேன். வாயை அடைத்துவிட்டோம் என்று ஒரு பெருமை வேறு.

அடுத்த வாரம் அளவெடுக்கப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். நீல அட்டை முயல் கூண்டுகளின் கால்கள் நான்கும் பால் டின்னில் தண்ணீர் ஊற்றி அதில் நின்றன. சிவப்புக் கூண்டுகள் வெறும் தரையில் நின்றன. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் எறும்பு வருது" என்றாள். நியாயமாகப் பட்டது. எறும்பு ஏன் அந்தப் பக்கம் மட்டும் வருகிறது என்று யோசிக்கும் அளவுக்கு என் மூளை வேலை செய்யவில்லை.

இருபத்தெட்டு நாள் முடிந்தது. டாக்டர் என் கண்ணாடித்தாள்களையெல்லாம் எடுத்துப்போய்க் கட்டம் போட்ட தாளில் வைத்து எண்ணினார். ஆறிய இடத்திலிருந்து துளித் துளித் தோலும் எடுத்துப்போனார். செப்டம்பர் முதல் புதன்கிழமை வந்தவர் காரை விட்டு இறங்கியபோதே முகம் சரியில்லை.

"ரெண்டும் ஒண்ணு. சிவப்புக்கும் நீலத்துக்கும் அரை நாள் வித்தியாசம்கூட இல்ல" என்றார் கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து. "நாலு வருச வேலை மிஸ்டர் மைக்கேல்ராஜ். இந்த மருந்து ஒண்ணும் செய்யலன்னு எழுதி மூடிட வேண்டியதுதான். டிசம்பரோட கட்டடத்தைத் திருப்பிக் கொடுத்துடுறோம்."

அம்சவல்லி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவள் அங்கேயே நின்றாள். டாக்டர் அவளைப் பார்த்து, "உங்களுக்குக் கவலை இல்ல ஆயா. துரைகிட்டப் பேசிட்டேன். தொழிற்சாலையில தூள் சலிக்கிற எடத்துல உங்களைப் போடுறேன்னு சொல்லிட்டார். வீட்டுக்கும் பிரச்சினை இல்ல" என்றார். அந்த மனக்கஷ்டத்திலும் அதைப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். வீடு அம்சவல்லிக்கு அப்போது எவ்வளவு முக்கியம் என்று எல்லோருக்கும் தெரியும். நீலாவதி பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம், நவம்பரில் அரசுப் பரீட்சை. வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி.

அன்று மாலை அம்சவல்லி டிஸ்பென்சரிக்கு வந்தாள். கடைசி ஆள் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"டிரஸ்ஸரய்யா, நீலத்துக்கு நான் தேன் போட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவளே சொன்னாள். ரோட்டோரம் காட்டுவாசிகளான அஸ்லிக்காரர்கள் கொண்டுவந்து விற்கும் காட்டுத்தேன். பிள்ளைகளுக்கு முட்டி சிராய்த்தால் கொட்டகையில் அதைத்தான் போடுவாளாம். மாலைச் சொட்டு விட்ட பிறகு ஒவ்வொரு நீல முயலுக்கும் காயத்தில் தேன் தடவி, காலையில் காய்ச்சி ஆறின தண்ணீரால் துடைத்துவிட்டுக் காலைச் சொட்டு விட்டிருக்கிறாள். ஒரு நாள் தவறாமல்.

"ஏன் செஞ்சே?"

"நீங்கதானே சொன்னீங்க வெறும் உப்புத் தண்ணின்னு. பன்னெண்டுக்கு மருந்து, பன்னெண்டுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா? கூண்டுக்குள்ள இருந்து எல்லாம் ஒரே மாதிரிதான் பார்க்குது என்னை. ஆராய்ச்சி அந்த வித்தியாசத்தைத்தான் நம்பியிருக்குன்னு எனக்குத் தெரியல. இன்னிக்கு டாக்டரம்மா பேசினப்பதான் வெளங்குச்சு."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்காக அல்ல. சொன்னது நான் என்று வெளியே வந்தால் என் கதி என்ன என்று. பத்தொன்பது வருட சர்வீஸ், குவார்ட்டர்ஸ் வீடு, மூன்று பிள்ளைகள். நியாயம் எது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

"விடு ஆயா. முடிஞ்சுபோச்சு. தூள் சலிக்கிற வேலை கெடைச்சாச்சு, வீடு இருக்கு. இப்பப் போய் வாயைத் தொறந்தா ரெண்டும் போகும். நீலாவதி பரீட்சையை நெனைச்சுப் பாரு" என்றேன். எல்லாம் அவள் நன்மைக்குச் சொல்வதைப் போலவே சொன்னேன்.

"அந்த மருந்து ஒண்ணும் செய்யலன்னு எழுதப்போறாங்களே அய்யா."

"எழுதட்டும். மருந்துக்கு என்ன மானமா போகுது?"

"தப்பு செய்யாத பிள்ளைக்கு அடி விழலாமா?" என்றாள். எழுந்து போய்விட்டாள். மருந்தையும் தன் கொட்டகைப் பிள்ளைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள் என்று அப்போது எரிச்சலோடு நினைத்தேன்.

அடுத்த புதன் டாக்டர் வந்து உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்த உடனேயே சொல்லிவிட்டாள்.

"டாக்டரம்மா, மருந்து மேல தப்பு இல்ல. நான்தான் நீலத்துக்குத் தேன் போட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்பலேருந்து?"

"அஞ்சாம் நாள்லேருந்து."

"எத்தனை முயலுக்கு?"

"பன்னெண்டுக்கும். ஒண்ணையும் விடல."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தேன் நல்லாவே வேலை செஞ்சிருக்கலாம் ஆயா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நான் கேட்ட கேள்வி அது இல்லயே. நான் கேட்ட கேள்விக்கு இப்பப் பதிலே இல்லாமப் போச்சு." பிறகு நிமிர்ந்தார். "நீலம் வெறும் தண்ணின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் கதவோரம் கண்ணாடித்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அம்சவல்லி என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்புக் கரிச்சுது."

"சிவப்பு?"

"அது கரிக்கல."

பொய் என்பது மூன்று பேரில் இரண்டு பேருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பொடியைக் கரைத்ததும் அதே உப்புத் தண்ணீரில்தான். இரண்டு போத்தலும் ஒரே கரிப்புத்தான் கரிக்கும். அது தெரியாமல் சொல்லிவிட்டாள் பாவம். டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் மைக்கேல்ராஜ், சிவப்புப் போத்தலுக்கு எதுல கரைச்சீங்க?"

"உப்புத் தண்ணிதான் டாக்டர்."

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். என் வாயிலிருந்து அடுத்த வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்த்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அது வரவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டு எழுந்துபோனார்.

டாக்டர் நியாயமானவர். நடந்ததை அப்படியே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, ஆராய்ச்சியை மறுபடி நடத்தவேண்டும், பராமரிப்புக்கு வேறு ஆள் வேண்டும் என்று கேட்டார். அம்சவல்லியை வேலையைவிட்டு எடுக்கவேண்டாம் என்றும் ஒரு வரி எழுதியதாகச் சொன்னார். ஆனால் கட்டடம் தோட்டத்தினுடையது, அதனால் கடிதத்தின் நகல் துரைக்கும் போயிற்று. துரைக்கு அந்த வரி கண்ணில் படவில்லை. புதிதாக எடுத்த ஆட்களுக்கு லயத்தில் வீடு போதாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. நம்பிக்கை இல்லாத ஆளுக்குத் தொழிற்சாலையில் இடமில்லை, அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று கடிதம் வந்தது. பரீட்சை நவம்பரில்.

அந்தக் கடிதத்தை அம்சவல்லி என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நாக்குல வச்சேன்னு ஏன் சொன்னே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு போறதுக்கு ஒருத்தி போனா போதும்லா" என்றாள். கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவள் அக்காள் வீடு கோலா தெர்லாவில். அங்கே ஒரு காய்கறித் தோட்டத்தில் கோஸ் வெட்டிக் கட்டும் வேலை கிடைத்தது. ஆனால் அங்கிருந்து நீலாவதி பள்ளிக்கு வந்துபோவது நடக்காத காரியம். நான் உடனே முந்திக்கொண்டேன். பரீட்சை முடியும்வரை பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றேன். என் மனைவி கத்தரீன் மகிழ்ச்சியோடு சம்மதித்தாள். நீலாவதி ஒரு தகரப்பெட்டியும் புத்தகக் கட்டுமாக வந்து சேர்ந்தாள். என்னை அங்கிள் என்று கூப்பிட்டாள். அவளுக்கு வயிற்றுக்கோளாறு வராமல் பார்ப்பதிலிருந்து காலையில் ஓவல்டின் கலக்கிக் கொடுப்பதுவரை நானே செய்தேன். தோட்டமே என்னை மெச்சியது. யாரோ பெற்ற பிள்ளையை வைத்துப் பார்க்கிறாரே, மனுசன் என்றால் மைக்கேல்ராஜ்தான் என்று பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாமியார்கூட என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு இன்றைக்கும் உறைக்கிறது.

நவம்பர் நடுவில் தாங்கமுடியாமல் துரையின் ஆபீசுக்குப் போய், நீலப் போத்தல் உப்புத் தண்ணீர் என்று ஆயாவிடம் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். வேலை போகும் என்று எண்ணி, பெட்டி கட்டும் மனநிலையில்தான் போனேன். துரை ஒரு நிமிடம் யோசித்தார். "இந்த மலைக்கு இன்னொரு டிரஸ்ஸரை நான் எங்க போய்த் தேட? இனிமே வாயை அடக்கி வச்சுக்குங்க" என்றார். ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதி என் பைலில் போட்டார். அவ்வளவுதான்.

"ஆயாவைத் திரும்ப எடுக்கலாமா துரை?"

"அந்த வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. செப்டம்பர்லயே வந்து சொல்லியிருந்தா ஏதாச்சும் பார்த்திருக்கலாம்."

ஒரே குற்றத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு காகிதம். அதற்குப் பயந்துதான் அவள் வீட்டை விட்டுக்கொடுத்தேன். வெளியே வந்து, பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் வீடுவரை தள்ளிக்கொண்டே போனேன்.

மறு வருடம் ஆராய்ச்சி மறுபடி நடந்தது. தொழிற்சாலையிலிருந்து காளியண்ணன் என்பவரைப் போட்டார்கள். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார், எந்த முயலையும் முகம் பார்த்துத் தெரியாது. நானும் வாயைத் தைத்துக்கொண்டேன். இந்த முறை சிவப்பு முயல்களின் காயம் சராசரி பதினான்கு நாளில் மூடியது, நீலத்துக்குப் பத்தொன்பது நாள் ஆனது. டாக்டர் பார்பரா அளவுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு, என்னிடம் கைகொடுத்தார். ஆயா எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன்.

எண்பத்தாறில் அந்தக் கட்டுரை ஒரு ஆங்கிலச் சஞ்சிகையில் அச்சாகி, டாக்டர் எனக்கு இரண்டு பிரதிகள் அனுப்பினார். ஒன்று ஆயாவுக்கு என்று எழுதியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனேன். நீலாவதியும் விடுமுறையில் வந்திருந்தாள். பரீட்சையில் நன்றாகவே தேறி, ஈப்போவில் தாதிமைப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். மனுப் போட்டுக் கொடுத்தது நான். மாதம் தவறாமல் எனக்குக் கடிதம் எழுதுவாள், 'அன்புள்ள அங்கிள்' என்று தொடங்கி.

அம்சவல்லி வெளியே பலகையில் உட்கார்ந்து கீரைக்கட்டுகளுக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தாள். கோஸ் லோரிகள் போன ரோடு சேறாகக் கிடந்தது. நீலாவதி கட்டுரையை வாங்கி ஒவ்வொரு பத்தியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். பயிற்சி எடுப்பவள் என்பதால் எனக்குப் புரியாத இடங்களும் அவளுக்குப் புரிந்தன. பதினான்கு நாள், பத்தொன்பது நாள் என்ற இடம் வந்தபோது அம்சவல்லி கையை நிறுத்தினாள்.

"அப்ப மருந்து ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நீலாவதி தொடர்ந்தாள். "முதல் சோதனை சேர்த்துக்கொள்ளப்படவில்லை. மருந்து பெறாத விலங்குகள் எவை என்று அறிந்துகொண்ட பராமரிப்பாளர், அவற்றுக்குத் தாமாகச் சிகிச்சை அளித்துவிட்டார்." தாயைப் பார்த்தாள். "இது நீங்கதானேம்மா. பேரு போடல."

"பேரு எதுக்கு?"

நீலாவதி கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அவள் முகம் மலர்ந்தது. "அங்கிள், உங்க பேரு இருக்கு. உங்க உதவிக்கு நன்றின்னு போட்டிருக்காங்க. எம். மைக்கேல்ராஜ்." பிறகு அவளே நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா ஒண்ணு புரியல. அம்மாவுக்கு எது மருந்துன்னு எப்படித் தெரிஞ்சுது? ரெண்டும் சலைன்தானே, ருசியில தெரியாதே."

யாரும் கேட்காத கேள்வி இல்லை இது. முன்பு ஒருமுறை கேட்கப்பட்டு, நான் ஒளிந்துகொண்ட கேள்வி. அன்று என்னால் ஒளிய முடியவில்லை.

"நான் சொன்னேன்மா. நாலாம் நாள். உங்கம்மா என் பேரைச் சொல்லாம மறைச்சுட்டாங்க. அந்த எடத்துல நான் வாயைத் தொறந்திருந்தா உங்க வீடு போயிருக்காது."

நீலாவதி தாளை மடித்தாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சுதான் என்னை உங்க வீட்டுல விட்டாங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அம்சவல்லி கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அத்தனை வருடத்தில் அவள் என்மேல் கோபப்பட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இதை ஏன் அய்யா இப்பச் சொன்னீங்க? வீடு போனது போச்சு. அப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒரு அங்கிளாச்சும் இருக்கட்டும்னுதான் நான் இத்தனை வருசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், சாப்பிட்டேன். நீலாவதிதான் பரிமாறினாள்.

அடுத்த மாதம் கடிதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அவள் தாதியாகி ஈப்போவிலேயே வேலைக்குச் சேர்ந்தாள், அம்சவல்லியையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ஒருமுறை தோட்டத்து நோயாளி ஒருவரை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனபோது வார்டில் அவளைப் பார்த்தேன். வெள்ளை உடுப்பில் நிமிர்ந்து நின்று, நோயாளியின் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உக்காருங்க டிரஸ்ஸர்" என்றாள்.